சிலை கடத்தியவரை நாடு கடத்திய கதை

தமிழ்ப் பத்திரிகைகளில் 'கடத்தல்' என்ற ஒரே சொல் நாலு வேலை பார்க்கிறது. கோயில் சிலையைத் திருடி வெளிநாட்டுக்கு அனுப்பினால் சிலைக் கடத்தல். ஆளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பணம் கேட்டால் ஆள் கடத்தல். விசா முடிந்தும் ஊர் திரும்பாதவரை விமானத்தில் ஏற்றிவிட்டால் நாடு கடத்தல். ஒரு நாட்டு நீதிமன்றம் தேடுகிற ஆளை இன்னொரு நாட்டு நீதிமன்றம் விசாரித்துக் கையில் ஒப்படைத்தால் அதற்கும் பெயர் நாடு கடத்தல்தான்.

கடைசி இரண்டும் சட்டத்தில் வேறு வேறு சங்கதி. முன்னது குடியேற்ற அதிகாரி தன் நாட்டுக்குள்ளேயே எடுக்கிற முடிவு: உனக்கு இங்கே இருக்க உரிமையில்லை, கிளம்பு. பின்னதில் இரண்டு அரசுகள், இரண்டு நீதிமன்றங்கள், ஓர் ஒப்பந்தம், ஒரு மூட்டைக் காகிதம். இந்தக் கட்டுரையில் முன்னதை வெளியேற்றம் என்றும் பின்னதை ஒப்படைப்பு என்றும் சொல்லிக்கொள்கிறேன். 'மல்லையாவை ஏன் இன்னும் பிடித்துவரவில்லை?' என்று டீக்கடையில் கிளம்பும் கேள்விக்குப் பாதிப் பதில் இந்தப் பிரிவிலேயே இருக்கிறது.

ஆனால் மல்லையாவை வைத்து இதை விளக்கினால் பேச்சு அரசியலுக்குப் போய்விடும். அதைவிடத் தெளிவான வழக்கு நம் ஊரிலேயே இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில் தொடங்கி, நியூயார்க், கான்பெரா, ஃப்ராங்க்பர்ட் எல்லாம் சுற்றி, கும்பகோணத்தில் வந்து நின்ற வழக்கு.

உடையார்பாளையம் பக்கம் ஸ்ரீபுரந்தான் என்று ஒரு கிராமம். அங்கே சோழர் காலத்துப் பிரகதீஸ்வரர் கோயில், பூசை நின்றுபோய்ப் பாழடைந்து கிடந்தது. 2008-இல் பக்கத்துச் சுத்தமல்லியில் வரதராஜப் பெருமாள் கோயில் சிலைகள் கூட்டமாகக் களவு போயின. அதிகாரிகள் ஸ்ரீபுரந்தானுக்கு வந்து, இங்கேயுள்ள சிலைகளையாவது பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள். ஊரார் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் சாமி எங்கள் ஊரில்தான் இருக்கும், நாங்களே இரும்புக் கதவு போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கதவு மாட்டப் போன அன்றுதான் உள்ளே எட்டுச் சிலைகளும் இல்லை என்பது தெரிந்தது. களவு நடந்தது 2006-இல். ஊர் கதவு மாட்டப் போவதற்குச் சில மாதம் முன்பே, 2008 பிப்ரவரியில், அந்தக் கோயிலின் நடராஜரைக் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. விற்றது நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். அமெரிக்கக் குடிமகன்.

இனி போலீஸ் பக்கம் வருவோம். ஒரு போலீஸ்காரரின் அதிகாரம் அவருடைய நாட்டு எல்லையோடு முடிந்துவிடுகிறது. உடையார்பாளையம் இன்ஸ்பெக்டர் மும்பைக்குப் போய் ஆளைப் பிடித்தாலே அங்குள்ள மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தி உத்தரவு வாங்கித்தான் கூட்டிவர வேண்டும். நியூயார்க்கில் அதுவும் கிடையாது. நம் டி.எஸ்.பி. அங்கே இறங்கினால் சட்டப்படி அவர் ஒரு சுற்றுலாப் பயணி. கபூரின் கடைக் கதவைத் தட்டலாம், விலை கேட்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே எல்லை தாண்டிய எந்த வழக்கிலும் மூன்று விஷயங்கள் தனித்தனியாகப் பயணப்பட வேண்டியிருக்கிறது: ஆள், பொருள், சாட்சியம். மூன்றுக்கும் ஒரே வண்டி கிடையாது. ஆள் விமான நிலையத்தில் முகத்தை மூடிக்கொண்டு இறங்குவதைத்தான் தொலைக்காட்சி காட்டும். வழக்கு நிற்குமா விழுமா என்பதோ சாட்சியம் எந்த வழியாக, எந்த முத்திரையோடு வந்தது என்பதைப் பொறுத்தது.

முதலில் ஆள். 'இன்டர்போல் போலீஸ் தேடுகிறது' என்று நாம் சர்வசாதாரணமாக எழுதுகிறோம். இன்டர்போலுக்கு அப்படித் தேடித் திரிகிற போலீஸ் படை எதுவும் கிடையாது. 1923-இல் வியன்னாவில் தொடங்கி, இன்று பிரான்சின் லியோன் நகரில் தலைமையகம் வைத்திருக்கும் அது 196 நாடுகளின் போலீஸ் துறைகளை இணைக்கும் ஒரு தபால் நிலையம் மாதிரி. தபாலோடு பெரிய தரவுத்தளங்களும் உண்டு: விரல்ரேகை, தொலைந்த பாஸ்போர்ட், திருடுபோன கலைப்பொருள். ஒவ்வொரு நாட்டிலும் அதற்கு ஒரு வாசல். இந்தியாவின் வாசல் டெல்லியில் உள்ள சி.பி.ஐ. தமிழ்நாடு போலீஸ் லியோனுக்கு நேராகக் கடிதம் எழுத முடியாது. நீதிமன்றத்தில் பிடிவாரண்டு வாங்கி, மாநிலத் தொடர்பு அதிகாரி மூலம் சி.பி.ஐ.க்கு அனுப்பி, அங்கிருந்து அது லியோனுக்குப் போக வேண்டும். இந்த நடையைக் குறைக்கத்தான் 2025 ஜனவரியில் 'பாரத்போல்' என்ற இணையவாசலைத் திறந்தார்கள்.

லியோனிலிருந்து வருவது வண்ண வண்ண அறிக்கை. காணாமல் போனவருக்கு மஞ்சள், அடையாளம் தெரியாத சடலத்துக்குக் கறுப்பு, இருப்பிடமும் விவரமும் கேட்டால் நீலம். பிடித்து ஒப்படைக்கக் கேட்டால் சிவப்பு. நம் பத்திரிகைகள் 'ரெட் கார்னர் நோட்டீஸ்' என்று எழுதுவது இதைத்தான். பெயர், பிறந்த தேதி, படம், விரல்ரேகை ஒரு பக்கம். எந்த நீதிமன்றம், என்ன குற்றம், அதிகபட்சத் தண்டனை எவ்வளவு என்பது மறுபக்கம். அது உலகம் முழுவதும் செல்லும் பிடிவாரண்டு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அதற்கு என்ன மதிப்புக் கொடுப்பது என்பது அந்தந்த நாட்டின் இஷ்டம். சில நாடுகள் அதை வைத்தே தற்காலிகமாகக் கைது செய்யும். அமெரிக்கா செய்யாது. வெறும் சிவப்பு அறிக்கையை நம்பி அங்கே ஒருவரைப் பிடிக்க முடியாது, தன் நீதிமன்ற வாரண்டு வேண்டும் என்பது அதன் நிலை. கபூர் மேடிசன் அவென்யூவிலேயே உட்கார்ந்திருந்தால் அவர் பெயரில் அறிக்கை இருந்தும் நம் வழக்கு இன்னும் பல வருடம் இழுத்திருக்கும்.

அவர் உட்கார்ந்திருக்கவில்லை. 2011 அக்டோபர் 30-ஆம் தேதி ஜெர்மனியின் ஃப்ராங்க்பர்ட் விமான நிலையத்தில் இறங்கினார். கடவுச்சீட்டைப் பார்த்த இடத்தில் சிவப்பு அறிக்கை எழுந்தது. பிடித்துவிட்டார்கள்.

பிடித்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். தற்காலிகக் கைதுக்குப் பிறகு குறிப்பிட்ட நாட்களுக்குள் முறையான கோரிக்கை வந்துசேராவிட்டால் ஆளை விட்டுவிட வேண்டும். இந்தியாவின் 1962-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தில், வெளிநாடு கேட்டு நாம் பிடித்து வைக்கும் ஆளுக்கு அந்தக் கெடு 60 நாள். இந்தக் கோரிக்கை சி.பி.ஐ. வழியாகப் போவதும் கிடையாது. மாநில அரசு எழுத, வெளியுறவு அமைச்சகம் சரிபார்க்க, தூதரகம் கொண்டுபோய்க் கொடுக்கும். ஆளைத் தேடும்வரை போலீஸ் வாசல், ஆள் கிடைத்ததும் தூதரக வாசல்.

அந்த மூட்டைக்குள் என்ன இருக்கும் என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அடியில் ஒரு முதல் தகவல் அறிக்கை, தமிழில். அதில் 'நடராஜர் ஐம்பொன் சிலை ஒன்று, அம்மன் சிலை ஒன்று' என்று வரிசை. மேலே சாட்சிகளின் வாக்குமூலம், அதுவும் தமிழில். பிறகு பிடிவாரண்டு, குற்றப்பிரிவுகளின் சட்ட வாசகம், ஆளை அடையாளம் காட்டும் விவரம், விசாரணை அதிகாரியின் பிரமாணம். எல்லாம் முதலில் ஆங்கிலத்துக்கு, பிறகு ஜெர்மனுக்கு. 'அம்மன்' என்பதை எப்படி மொழிபெயர்ப்பது? கிராமத்தில் எந்த அம்பாள் சிலையும் அம்மன்தான். கலைக்கூடத்தின் பட்டியலில் அதுவே உமா, பார்வதி, சிவகாமி, பரமேஸ்வரி என்று நாலு பெயரில் இருக்கும். 'ஐம்பொன்' அங்கே வெண்கலம் ஆகிவிடும். நம் எஃப்.ஐ.ஆரில் 'மூன்றடி உயரம்' என்று எழுதியிருப்பது பீடத்தோடு சேர்த்தா, திருவாசியோடு (நடராஜரைச் சுற்றியுள்ள சுடர் வளையம்) சேர்த்தா என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வி கேட்டால் மூட்டை அவிழ்ந்துவிடும்.

ஜெர்மன் நீதிமன்றம் அந்த மூட்டையில் தேடுவது கபூர் திருடினாரா இல்லையா என்பதை அல்ல. அதை முடிவுசெய்வது வழக்கு நடக்கும் கும்பகோணம் நீதிமன்றத்தின் வேலை. அது பார்ப்பது வேறு சில கேள்விகள். இந்தச் செயல் இரண்டு நாட்டிலும் குற்றமா? திருட்டுக்கு உடந்தை எங்கேயும் குற்றம்தான், சிக்கல் இல்லை. அரசியல் வழக்கா? இல்லை. மரண தண்டனை விழுமா? விழாது. ஆள் தன் சொந்தக் குடிமகனா? ஜெர்மனியின் அரசியல் சாசனம் தன் குடிமக்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டிடம் ஒப்படைக்க விடாது. கபூர் அமெரிக்கர் என்பதால் அந்தத் தடையும் இல்லை. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் 2001-இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் இருந்தது. 2012 ஜூலையில் அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எட்டரை மாதம். இந்தத் துறையில் இது அசுர வேகம்.

பிரிட்டனோடு ஒப்பிட்டால்தான் அந்த வேகம் புரியும். விஜய் மல்லையா லண்டனில் கைதானது 2017 ஏப்ரலில். கீழ்நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஒப்படைக்கலாம் என்றது, உள்துறை அமைச்சர் 2019 பிப்ரவரியில் கையெழுத்திட்டார், 2020-இல் மேல்முறையீடும் தோற்றது. ஆனாலும் ஆள் வரவில்லை. வெளியே சொல்ல முடியாத ஒரு சட்ட விவகாரம் பாக்கி இருக்கிறது என்பதுதான் பிரிட்டன் அரசு சொல்லிவந்த காரணம். பிரிட்டன் நீதிமன்றம் இந்தியாவிடம் முதல்நோக்கு ஆதாரத்தையும், அதாவது வழக்குக்கு அடிப்படை உண்டு என்று காட்டும் சான்றையும், கேட்கிறது, சிறையின் நிலையையும் கேட்கிறது. மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12-ஆம் எண் கொட்டடிக்குள் பகல் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார் நீதிபதி. கேலி பேசினோம், மீம் போட்டோம். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா இன்றுவரை அதை உறுதி செய்யவில்லை. 2025 பிப்ரவரியில் ஆயுத இடைத்தரகர் சஞ்சய் பண்டாரியை ஒப்படைக்க முடியாது என்று லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னபோது, சிறையில் அவருக்கு மிரட்டலும் வன்முறையும் நேரலாம் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டியது. இங்கே காவல் நிலையத்துக்குள் நடப்பது அங்கே நீதிமன்றத்தில் சாட்சியாகிவிடுகிறது. வெளிநாட்டு நீதிபதிகளைத் திட்டுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய இடம் இது என்பது என் அபிப்பிராயம்.

ஆள் வந்தாயிற்று. சாட்சியம்?

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கிறது. நியூயார்க் போலீஸ் அதிகாரி நம் அதிகாரிக்குத் தொலைபேசியில், 'உங்கள் ஆளுடைய கிடங்கில் சிலைப் படங்கள் கிடைத்தன' என்று சொல்லலாம். இன்டர்போல் வழியாக மின்னஞ்சலும் அனுப்பலாம். அது தகவல். விசாரணையை எந்தத் திசையில் ஓட்டுவது என்று தீர்மானிக்க உதவும், நீதிமன்றத்தில் செல்லாது. அதே படங்கள் கும்பகோணம் நீதிபதியின் மேசைக்குச் சான்றாவணமாக வர வேண்டுமானால் நீதிமன்றமே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 166-ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் 112-ஆம் பிரிவு. இந்த வேண்டுகோள் கடிதம் உள்துறை அமைச்சகம் வழியாகப் போகிறது. கவனியுங்கள்: சிவப்பு அறிக்கைக்கு சி.பி.ஐ., ஒப்படைப்புக்கு வெளியுறவு அமைச்சகம், சாட்சியத்துக்கு உள்துறை அமைச்சகம். ஒரே வழக்கு, மூன்று வாசல். ஒரு மாவட்டத்தின் விசாரணை அதிகாரி தன் பணிக்காலத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் இதில் இறங்குவார். பழகிக்கொள்வதற்குள் இடமாற்றம் வந்துவிடும்.

சைபர் வழக்குகளில் இந்தத் தாமதம் உயிரையே எடுக்கும். ஒரு ஐ.பி. முகவரியின் பதிவை நிறுவனம் சில மாதம்தான் வைத்திருக்கும். கடிதம் போய்ச் சேர்வதற்குள் பதிவு அழிந்திருக்கும். 'முதலில் அழிக்காமல் வை, காகிதம் பிறகு வரும்' என்று போலீஸே உடனடியாகக் கேட்கிற ஏற்பாடு, சைபர் குற்றங்களுக்காக நாடுகள் செய்துகொண்ட புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இருக்கிறது. இலங்கை 2015-இல் அதில் சேர்ந்துவிட்டது. இந்தியா சேரவில்லை.

ஸ்ரீபுரந்தான் வழக்கில் வேறொரு பிரச்சினை. கான்பெராவில் இருக்கும் நடராஜர்தான் நம் நடராஜர் என்று எப்படி நிரூபிப்பது? கலைக்கூடத்தின் கையில் காகிதம் இருந்தது. டெல்லியில் வாழ்ந்த ஒரு சூடான் நாட்டுத் தூதரக அதிகாரியின் குடும்பத்திடமிருந்து வந்தது, இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே நாட்டை விட்டு வெளியேறியது என்று கதை கட்டியிருந்தார்கள். கிராமத்தின் கையில் காகிதமே இல்லை. பாழடைந்த கோயிலில் யார் படம் எடுத்துவைப்பார்கள்?

எடுத்துவைத்திருந்தார்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955-இல் தொடங்கியதிலிருந்து அதன் ஆட்கள் தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்து, ஊர் பெயரும் தேதியும் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். குற்றம் கண்டுபிடிக்க எடுத்த படங்கள் இல்லை, சிற்ப ஆய்வுக்காக எடுத்தவை. அதில் ஸ்ரீபுரந்தான் நடராஜர், 1994-ஆம் ஆண்டு, கோயிலுக்குள்ளேயே. 1972-க்கு முன்பே நாட்டை விட்டுப் போன சிலை 1994-இல் அரியலூர் பக்கம் எப்படி நிற்கும்? தூதரகக் கதை அந்த ஒரு படத்தில் முடிந்தது.

சோழர் செப்புச் சிலைகளில் இந்த ஒப்பீடு நன்றாக எடுபடும். மெழுகை உருக்கி வெளியேற்றி வார்த்து, பிறகு மண் அச்சை உடைத்துச் சிலையை எடுப்பதால் ஒரு சிலை மாதிரி இன்னொன்று இருக்காது. திருவாசியில் எத்தனை சுடர், எந்தச் சுடர் முறிந்திருக்கிறது, வார்ப்பில் எங்கே குமிழி விட்டிருக்கிறது, எந்த விரல் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் விரல்ரேகை மாதிரிப் பொருந்தும். இன்டர்போலின் திருடுபோன கலைப்பொருள் தரவுத்தளத்தில் 52,000-க்கு மேல் பதிவுகள் உண்டு. சந்தேகமற அடையாளம் காண முடிகிற பொருளை மட்டுமே அதில் ஏற்றுவார்கள். 'அம்மன் சிலை ஒன்று' என்று எழுதினால் ஏறாது.

அமெரிக்கப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. கபூரின் கிடங்குகளை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் புலனாய்வுப் பிரிவு 2012-இல் சோதனையிட்டது. கிடைத்தவற்றின் மதிப்பைப் பத்துக் கோடி டாலருக்கு மேல் என்றார்கள். அவருடைய கடை மேலாளர் 2013 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இப்படி ஒரே ஆளை இரண்டு நாடு தனித்தனியாக விசாரித்தது, போட்டியாக மாறாமல் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்ததுதான் இந்த வழக்கின் அதிர்ஷ்டம்.

பொருள் திரும்பியது வேறு சட்டத்தில். வேறொரு நாட்டுக் கலைக்கூடத்தில் இருக்கும் களவுப் பொருளை மீட்க ஆள் ஒப்படைப்பு ஒப்பந்தம் உதவாது. ஆஸ்திரேலியாவில் 1986-ஆம் ஆண்டின் கலாச்சாரப் பொருள் பாதுகாப்புச் சட்டப்படி, பிற நாடு தன் சட்டத்தை மீறி ஏற்றுமதியான பொருளைக் கேட்டால் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது. 2014 செப்டம்பர் 5-ஆம் தேதி டெல்லியில் அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் ஸ்ரீபுரந்தான் நடராஜரையும், கபூர் வழியாகவே சிட்னிக்குப் போயிருந்த விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரையும் நரேந்திர மோடியிடம் கொடுத்தார்.

இதற்கெல்லாம் முன்னோடி ஒரு சாமி உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் போனார். கனடா நாட்டு நிறுவனம் ஒன்று வாங்கியது, லண்டன் போலீஸ் பறிமுதல் செய்தது. வழக்கில் இந்திய அரசு, தமிழ்நாடு அரசு ஆகியவற்றோடு இடிந்துகிடந்த கோயிலும் ஒரு தரப்பாக நின்றது. நம் சட்டத்தில் சாமி சட்டப்பூர்வ நபர். அந்த நிலையை இங்கிலாந்து நீதிமன்றமும் மதித்தது. 1988-இல் தீர்ப்பு, 1991-இல் மேல்முறையீடும் முடிந்து சிலை இந்தியா திரும்பியது. ஓர் ஆள் நீதிமன்றத்துக்குப் போனால் கேட்பார்கள், 'நீ யார், உனக்கென்ன உரிமை' என்று. பத்தூரில் அதற்குப் பதில் சொன்னது சாமியே.

சரி, கபூர் தமிழ்நாட்டில் சிறையில் இருந்தார். அடுத்த சிக்கல், ஒப்படைத்த நாடு போடும் நிபந்தனை. எந்த வழக்கைச் சொல்லி ஆளை வாங்கினீர்களோ அந்த வழக்கை மட்டுமே நடத்த வேண்டும். வந்தபிறகு 'கூடவே இதுவும்' என்று புது வழக்குப் போட்டால் அது ஒப்பந்த மீறல். நம் 1962 சட்டத்தின் 21-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. இதன் பாடத்தை இந்தியா, மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேம் விஷயத்தில் படித்தது. 2002-இல் லிஸ்பனில் பிடிபட்டவரை, மரண தண்டனை கிடையாது, 25 வருடத்துக்கு மேல் சிறை கிடையாது என்று அன்றைய துணைப் பிரதமர் எல்.கே. அத்வானி எழுதிக்கொடுத்த பிறகே போர்ச்சுகல் 2005 நவம்பரில் அனுப்பியது. பிறகு இங்கே கூடுதல் குற்றப்பிரிவுகள் சேர்த்ததும் போர்ச்சுகல் நீதிமன்றம் ஒப்படைப்பையே ரத்து செய்தது. ஆள் இந்தியச் சிறையில், உத்தரவு லிஸ்பனில். 2017-இல் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. வாக்கு என்ன ஆயிற்று? 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: நீதிமன்றம் ஆயுள் விதிக்கலாம், ஆனால் 25 வருடம் முடிந்ததும் அரசு தன் வாக்கைக் காப்பாற்றக் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்க வேண்டும். 1993 மும்பை குண்டுவெடிப்பில் வீட்டாரை இழந்தவர்களுக்கு இது கசக்கும். ஆனால் இந்த வாக்கை மீறினால் அடுத்த ஆளை எந்த நாடும் அனுப்பாது.

இவ்வளவு பாடு எதற்கு என்று குறுக்கு வழி தேடும் ஆசை போலீசுக்கு வருவது இயல்பு. அந்தக் குறுக்கு வழிதான் ஆரம்பத்தில் சொன்ன வெளியேற்றம். பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிட்டால் ஆள் அந்த நாட்டில் சட்டவிரோதமாக இருப்பவர் ஆகிவிடுவார். குடியேற்ற அதிகாரி விமானத்தில் ஏற்றிவிடுவார். விமானத்தின் வாசலில் நம் ஆட்கள் நிற்பார்கள். ஒப்பந்தமும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம். நல்ல உறவுள்ள நாடு என்றால் நாள் கணக்கில் முடிந்துவிடும்.

இலங்கைப் போலீசுக்கு இதில் நிறைய அனுபவம். 2025 ஆகஸ்ட் இறுதியில் கெஹெல்பத்தர பத்மே உள்ளிட்ட பாதாள உலகக் கும்பலை ஜகார்த்தாவில் மடக்கி, சில நாட்களிலேயே கொழும்பில் இறக்கினார்கள். இலங்கை அதிகாரிகளே நேரில் போய் இந்தோனேசியப் போலீசோடு சேர்ந்து நடத்திய வேலை அது. அதே வழியில் 2019-இல் துபாயிலிருந்து வந்தவர் இன்னொரு பாதாள உலகத் தலைவர், மாகந்துரே மதுஷ். அடுத்த வருடம் அக்டோபரில், பதுக்கிய போதைப்பொருளைக் காட்டக் கூட்டிப்போன இடத்தில், போலீஸ் காவலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒப்படைப்பு என்றால் துபாய் நீதிமன்றம் உத்தரவாதம் கேட்டிருக்கலாம். வெளியேற்றத்தில் கேட்க ஆள் இல்லை. வேகத்துக்கு இந்த விலை இருக்கிறது.

பெயரையே மாற்றிக்கொண்டவரை எந்த அறிக்கையும் பிடிக்காது. 2020 ஜூலையில் கோவையில் 'பிரதீப் சிங்' என்ற ஆதாரோடு இறந்தவரை மதுரையில் தகனமும் செய்துவிட்டார்கள். இலங்கை தேடிக்கொண்டிருந்த பாதாள உலகப் புள்ளி அங்கொட லொக்காதான் அவர் என்ற செய்தி பிறகுதான் வெளியே வந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு எடுத்தது. உடல் இல்லை. யார் என்று உறுதிசெய்ய இலங்கையிலுள்ள இரத்த உறவினரின் டி.என்.ஏ. வேண்டும். அதற்கும் ஒரு கடிதம், அமைச்சகம் வழியாக. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சில மணி நேரக் கடல்தான். காகிதம் டெல்லியைச் சுற்றித்தான் போகும்.

வாசல்கள் குறுகலாக இருப்பதற்கு நியாயமும் உண்டு. இன்டர்போல் சாசனத்தின் 3-ஆம் பிரிவு அரசியல், ராணுவம், மதம், இனம் சார்ந்த விவகாரங்களில் தலையிடக் கூடாது என்கிறது. ஆனாலும் எதிர்க்கட்சிக்காரரையும் பத்திரிகையாளரையும் துரத்தச் சிவப்பு அறிக்கையைப் பயன்படுத்தும் அரசுகள் உண்டு என்ற புகார் பழையது. அதற்கென்றே லியோனில் ஒரு மேற்பார்வை ஆணையம் இருக்கிறது. தேடப்படுபவரே அதில் முறையிட்டுத் தன் பெயரை நீக்கக் கேட்கலாம். வங்கி மோசடி வழக்கில் இந்தியா தேடிய வைர வியாபாரி மெகுல் சோக்சி அப்படித்தான் தன்மேல் இருந்த அறிக்கையை நீக்கவைத்தார். அறிக்கை போனதும் தப்பிவிட்டார் என்று இங்கே எழுதினார்கள். 2025 ஏப்ரலில் பெல்ஜியம் அவரைக் கைது செய்தது. இந்தியா நேரடியாக வைத்த கோரிக்கையே அதற்குப் போதுமாக இருந்தது.

கும்பகோணத்துக்குத் திரும்புவோம். நியூயார்க் மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் 2019 ஜூலையில் கபூர் மீதும் கூட்டாளிகள் மீதும் 86 குற்றச்சாட்டுகளோடு வழக்குப் பதிந்து, அவரைத் தங்களிடம் ஒப்படைக்கும்படி 2020-இல் இந்தியாவைக் கேட்டது. இப்போது நாம் ஜெர்மனியின் இடத்தில். நம் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, இங்கே வேறு குற்றத்துக்கு வழக்கு நிலுவையில் உள்ளவரை அது முடியும்வரை வெளிநாட்டுக்கு ஒப்படைக்கக் கூடாது.

ஆரம்பத்தில் சொன்ன சுத்தமல்லிச் சிலைக் களவிலும் கபூர் மேல் வழக்கு இருந்தது. 2022 நவம்பர் 1-ஆம் தேதி அந்த வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கும் கூட்டாளிகள் ஐந்து பேருக்கும் பத்து வருடச் சிறை விதித்தது. ஃப்ராங்க்பர்ட்டில் கைதான நாளிலிருந்து அன்றைக்கு 11 வருடமும் 2 நாளும் ஆகியிருந்தது. நியூயார்க்கின் 86 குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூட அன்றுவரை கபூரை நிறுத்தி விசாரிக்கப்படவில்லை.